கேம்ப் லெஜூன் தண்ணீர்: வழக்குக்கான கெடு முடிந்தபின் என்ன மிச்சம்?

உங்கள் மாமனார் 1981 முதல் 1984 வரை அமெரிக்காவின் வட கரோலினாவில் கேம்ப் லெஜூன் மரீன் படைத்தளத்தில் இருந்தார், மாமியாரும் தளத்துக் குடியிருப்பில் உடன் இருந்தார், போன ஆண்டு மாமனாருக்குச் சிறுநீரகப் புற்றுநோய் என்று தெரிந்து ஒரு சிறுநீரகத்தை எடுத்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தளத்தின் குடிநீரில் நச்சு கலந்திருந்ததற்கு இழப்பீடு கேட்பதெல்லாம் 2024 ஆகஸ்டோடு முடிந்துவிட்டது என்று ஒருவர் சொல்கிறார். 40 சதவீதம் தந்தால் பணம் வாங்கித் தருகிறோம் என்று ஒரு நிறுவனம் விடாமல் போன் செய்கிறது. நல்ல வக்கீல் யார் என்று கேட்கிறீர்கள். எனக்குப் படுவது, வக்கீலின் பெயரைவிட உங்களுக்கு முதலில் தெரியவேண்டியது இன்னும் கேட்டு வாங்குவதற்கு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்பதும், அதை யாரை நம்பிக் கேட்பது என்பதும்தான். மிச்சம் இருக்கிறது. முடிந்துபோனது அரசின்மேல் வழக்குப் போடுவதற்கான கெடு. படைவீரர் நலத்துறை, அதாவது எல்லோரும் விஏ என்று சொல்கிற துறை, மாதாமாதம் தரும் இயலாமை உதவித்தொகைக்குக் கெடு கிடையாது. அதற்கு முதல் விண்ணப்பம் போட்டுத்தர யாருக்கும் ஒரு சென்ட்கூடக் கொடுக்கத் தேவையில்லை, கேட்கவும் அவர்களுக்கு உரிமையில்லை.

மீதியைப் படிப்பதற்கு முன் ஒரு வேலையை முடித்துவிடுங்கள். 21-0966 என்ற எண்ணுள்ள ஒரு பக்கப் படிவம் இருக்கிறது. 'நான் விண்ணப்பிக்கப்போகிறேன்' என்று விஏ-வுக்கு முன்கூட்டித் தெரிவிப்பது மட்டும்தான் அதன் வேலை. விஏ இணையதளத்தில் மாமனார் தன் கணக்கில் நுழைந்து இயலாமை விண்ணப்பத்தைத் தொடங்கினாலே அது தானாகப் பதிவாகிவிடும். அந்தத் தேதியிலிருந்து ஓராண்டுக்குள் முழு விண்ணப்பத்தைக் கொடுத்தால், பிறகு அனுமதி கிடைக்கும்போது பணம் அந்த முதல் தேதியிலிருந்தே கணக்காகும். விஏ பொதுவாக நோய் கண்டுபிடித்த நாளிலிருந்து பணம் தருவதில்லை, கேட்ட நாளிலிருந்துதான் தருகிறது. உங்கள் மாமனார் விஷயத்தில் இது சாதாரணத் தாமதம் அல்ல. சிறுநீரகப் புற்றுநோய் தீவிரமாக இருக்கும்வரை 100 சதவீத இயலாமை மதிப்பீடு கிடைக்கும். சிகிச்சை முடிந்த ஆறாவது மாதம் விஏ மறுபரிசோதனை செய்து, நோய் திரும்பவில்லை என்றால் எஞ்சியிருக்கும் பாதிப்பை வைத்து மதிப்பீட்டைக் குறைக்கும். அறுவைசிகிச்சை நடந்து பல மாதம் கழித்து விண்ணப்பித்தால், அந்த 100 சதவீதக் காலம் கேட்கப்படாமலே கழிந்துபோகலாம். 2025 கணக்கில் தனியாளுக்கு 100 சதவீதம் என்றால் மாதம் 3,800 டாலருக்கு மேல், வருமானவரி கிடையாது. மனைவி இருந்தால் இன்னும் கூடுதல். காகிதமெல்லாம் சேரட்டும் என்று காத்திருந்து இதை இழப்பவர்கள் நிறைய.

இனி தண்ணீருக்கு வருவோம். கேம்ப் லெஜூனில் 1953 ஆகஸ்ட் 1 முதல் 1987 டிசம்பர் 31 வரை குடிநீர் கெட்டிருந்தது என்பதை அமெரிக்க அரசே சட்டத்தில் எழுதி ஒப்புக்கொண்டுவிட்டது. சிக்கல் முக்கியமாக இரண்டு சுத்திகரிப்பு நிலையங்களில். டராவா டெரஸ் என்ற குடும்பக் குடியிருப்புக்குத் தண்ணீர் தந்த நிலையத்தின் கிணறுகளில், தளத்துக்கு வெளியே இருந்த ஏபிசி ஒன்-அவர் கிளீனர்ஸ் என்ற டிரை கிளீனிங் கடையிலிருந்து பெர்குளோரோஎத்திலீன் என்ற கரைப்பான் இறங்கியிருந்தது. ஹாட்னட் பாயிண்ட் நிலையத்தின் கிணறுகளில் தளத்துக்குள்ளேயே கசிந்த எரிபொருள் தொட்டிகள், பட்டறைகள், குப்பைக் குழிகளிலிருந்து டிரைகுளோரோஎத்திலீன், பென்சீன், வினைல் குளோரைடு. டிரைகுளோரோஎத்திலீன், சுருக்கமாக டிசிஇ, இயந்திர பாகங்களில் கிரீஸ் கழுவப் பயன்பட்டது. தண்ணீரைவிடக் கனமானது, மணல் மண்ணில் ஊறி நிலத்தடி நீர்வரை போய்விடும். அங்கே நடந்த சுண்ணாம்புச் சுத்திகரிப்பு அதை எடுக்காது. எளிதில் ஆவியாகும் என்பதால் குடிப்பது மட்டுமில்லை, வெந்நீரில் குளிக்கும்போதும் மூச்சோடு உள்ளே போகும்.

1982 மே மாதம் ஹாட்னட் பாயிண்ட் தண்ணீரில் லிட்டருக்கு 1,400 மைக்ரோகிராம் டிசிஇ இருந்தது. இன்றைய சட்ட வரம்பு 5. டராவா டெரஸில் 1985 பிப்ரவரியில் பெர்குளோரோஎத்திலீன் 215. அதற்கும் வரம்பு 5. இந்த வரம்புகள் கிணறுகளை மூடிய பிறகுதான் சட்டமாயின என்பது உண்மை. ஆனால் கரைப்பான் கலந்திருப்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. 1981 மார்ச்சில் தண்ணீரைச் சோதித்த ராணுவ ஆய்வகத்தின் அறிக்கைப் படிவத்தில், குளோரின் கலந்த கரைப்பான்களால் தண்ணீர் மிகவும் கெட்டிருக்கிறது என்று ஆச்சரியக்குறி போட்டுக் கையால் எழுதியிருக்கிறார்கள். மோசமான கிணறுகளை மூடத் தொடங்கியது 1984 கடைசியில். உங்கள் மாமனார் அங்கிருந்த மூன்றாண்டும் அந்த எச்சரிக்கைக்கும் நடவடிக்கைக்கும் இடைப்பட்ட காலம். இதைப் படிக்கிற குடும்பங்களுக்கு வரும் கோபம் நியாயமான கோபம்.

எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்லவேண்டும். டிசிஇ மனிதருக்குச் சிறுநீரகப் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதி. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-ல் அதை முதல் வகுப்பில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருட்களில், வைத்ததற்கு முக்கியக் காரணமே சிறுநீரகப் புற்றுநோய்ச் சான்றுகள். லெஜூனில் இருந்த மரீன்களை, இதே மாதிரி வேலை பார்த்து நல்ல தண்ணீர் குடித்த கலிஃபோர்னியாவின் கேம்ப் பெண்டில்டன் மரீன்களோடு ஒப்பிட்ட அரசு ஆய்வு 2014-ல் வந்தது. லெஜூன்காரர்களிடம் சிறுநீரகப் புற்றுநோய் மரணம் கூடுதல் என்று அது கண்டது. இதே ஒப்பீட்டை 2023-ல் பார்க்கின்சன் நோய்க்குச் செய்தபோது ஆபத்து 70 சதவீதம் அதிகம் என்று வந்தது. ஆனால் உங்கள் மாமனார் என்ற ஒரு தனி மனிதரின் கட்டி இந்தத் தண்ணீரால்தான் வந்தது என்று எந்தப் பரிசோதனையும் காட்ட முடியாது. புகைபிடித்தல், உடல் பருமன், ரத்த அழுத்தம் எல்லாமே அதே நோயைத் தருபவை. அந்தக் கட்டியில் காரணத்தின் முத்திரை எதுவும் இருக்காது. அவர் எந்த நாளில் எவ்வளவு குடித்தார் என்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் கிணறுகளை முறைவைத்து மாற்றி மாற்றி இறைத்தார்கள். கெட்ட கிணறு ஓடிய நாளில் அளவு எகிறும், ஓடாத நாளில் இறங்கும். 1980-க்கு முந்தைய அளவுகள் எல்லாம் கணினி மாதிரியில் பின்னோக்கிக் கணித்தவை.

இந்தச் சந்தேகத்தின் பாரம் உங்கள் தலையில் விழாமல் இருக்கத்தான் விஏ-வில் 'முன்அனுமானம்' என்ற ஏற்பாடு. சாதாரணமாக விஏ மூன்று விஷயம் கேட்கும்: இப்போது நோய் இருக்கிறதா, பணியில் ஏதாவது நடந்ததா, இரண்டுக்கும் தொடர்பு உண்டா. 2017 மார்ச் 14 முதல், லெஜூனிலோ பக்கத்திலுள்ள நியூ ரிவர் விமானத்தளத்திலோ அந்தக் காலத்தில் மொத்தம் 30 நாள் இருந்தவர்களுக்கு எட்டு நோய்களில் மூன்றாவது கேள்வியை விஏ கேட்பதில்லை. அவை: சிறுநீரகப் புற்றுநோய், கல்லீரல் புற்றுநோய், சிறுநீர்ப்பைப் புற்றுநோய், பெரியவர்களுக்கு வரும் ரத்தப் புற்றுநோய், ஹாட்ஜ்கின் அல்லாத லிம்போமா, மல்டிபிள் மைலோமா, ஏபிளாஸ்டிக் அனீமியா உள்ளிட்ட எலும்பு மஜ்ஜைக் கோளாறுகள், பார்க்கின்சன். 30 நாளும் தொடர்ச்சியாக இருக்கத் தேவையில்லை. எந்த நிலையத்துத் தண்ணீர் என்றும் கேட்கமாட்டார்கள். ரிசர்வ், நேஷனல் கார்ட் என்ற பகுதிநேரப் படைகளின் ஆட்களுக்கும் உண்டு. அவமானகரமான பணிநீக்கம் பெற்றவர்களுக்கு இல்லை. உங்கள் மாமனாரின் நோய் பட்டியலில் நேரடியாக இருக்கிறது, காலமும் பொருந்துகிறது. காகிதம் சரியாக இருந்தால் இது வலுவான விண்ணப்பம்.

அந்தக் காகிதத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். முழு விண்ணப்பம் 21-526இ.இசட் என்ற படிவம். அதில் எந்த இயலாமைக்காகக் கேட்கிறீர்கள் என்ற கட்டத்தில் 'நச்சுத் தண்ணீர் குடித்தேன்' என்று எழுதுகிறார்கள். தண்ணீர் குடித்ததற்கு விஏ பணம் தராது, நோய்க்குத்தான் தரும். 'சிறுநீரகப் புற்றுநோய், வலது சிறுநீரகம் நீக்கம், கேம்ப் லெஜூன் தண்ணீர் காரணமாக' என்று நோயின் பெயரை முதலில் எழுதுங்கள் (வலதா இடதா என்பதை அறுவைசிகிச்சைக் குறிப்பைப் பார்த்து). கூடவே நோய்க்கூறியல் அறிக்கை வேண்டும், அதாவது எடுத்த கட்டியை நுண்ணோக்கியில் பார்த்து எழுதிய தாள். மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சுருக்கம் மட்டும் போதாது. புற்றுநோய் சிறுநீரகத்திலேயே தொடங்கியதா, வேறெங்கோ தொடங்கிப் பரவியதா என்பது அந்தத் தாளில்தான் இருக்கும், முன்அனுமானம் அதைப் பொறுத்தது. பெருங்குடலில் தொடங்கிக் கல்லீரலுக்குப் பரவியதை 'கல்லீரல் புற்றுநோய்' என்று போட்டு நிராகரிக்கப்பட்டவர்கள் உண்டு.

அடுத்தது 30 நாளுக்கான சான்று. டிடி-214 என்ற பணிவிடுப்புத் தாளைத்தான் எல்லோரும் தேடி எடுக்கிறார்கள், அதுவும் தேவைதான். ஆனால் அதில் பெரும்பாலும் கடைசியாக இருந்த தளத்தின் பெயர் மட்டும் இருக்கும். லெஜூனில் மூன்றாண்டு இருந்துவிட்டு வேறு தளத்திலிருந்து விடுபட்டவரின் டிடி-214-ல் லெஜூன் என்ற சொல்லே இருக்காது. ஆகவே எஸ்எஃப்-180 படிவம் போட்டு செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்திலிருந்து முழுப் பணிக்கோப்பையும் வரவழையுங்கள். அதில் எந்தத் தேதியில் எந்தப் பிரிவில் சேர்ந்தார், எப்போது மாற்றல் ஆனார் என்று வரிவரியாக இருக்கும். அங்கே 1973-ல் நடந்த தீ விபத்தில் ஆவணமெல்லாம் எரிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் பயப்படாதீர்கள். எரிந்தவை தரைப்படை, விமானப்படைக் கோப்புகள். மரீன் கோப்புகள் அதில் இல்லை. கோப்பு வரத் தாமதமானால் மாற்றல் உத்தரவு, சம்பளத் தாள், வீடு ஒதுக்கீட்டுக் கடிதம், தளத்து மருத்துவமனைச் சீட்டு எதுவும் உதவும். பழைய கடிதங்களை எறியாமல் வைத்திருக்கும் குடும்பங்களில் இதெல்லாம் பரணில் கிடைக்கும்.

விண்ணப்பித்தபின் விஏ மருத்துவப் பரிசோதனைக்கு அழைக்கலாம். பெரும்பாலும் ஒப்பந்த நிறுவனம்தான் போன் செய்யும், எண் தெரியாததாக இருக்கும். விளம்பர அழைப்பு என்று எடுக்காமல் விட்டு, பரிசோதனைக்கு வரவில்லை என்று நிராகரிக்கப்படுவது அடிக்கடி நடக்கிறது. இப்போது வரும் போன்களால் மாமனார் எந்த அழைப்பையும் எடுக்காத மனநிலையில் இருப்பார், அதனால் இதை அவரிடம் தனியாகச் சொல்லிவையுங்கள். பரிசோதனையில் வலியை மறைத்து 'பரவாயில்லை, சமாளிக்கிறேன்' என்று சொல்லும் பழக்கம் பழைய மரீன்களுக்கு உண்டு. அங்கே சொல்லாதது கோப்பில் ஏறாது. நோய் அடங்கியபின் எஞ்சிய பாதிப்பை மதிப்பிடும்போது, ஒரு சிறுநீரகம் எடுக்கப்பட்டிருந்தால் குறைந்தபட்சம் 30 சதவீதம். 2025 கணக்கில் தனியாளுக்கு மாதம் 500 டாலருக்குச் சற்று மேல். மிச்சமுள்ள சிறுநீரகம் தளர்ந்திருந்தால் மதிப்பீடு ஏறும்: சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் ஜிஎஃப்ஆர் என்ற ரத்தப் பரிசோதனை எண் 30-க்கும் 44-க்கும் இடையில் குறைந்தது மூன்று மாதம் தொடர்ந்து இருந்தால் 60 சதவீதம். ஆகவே அறுவைக்குப் பிந்தைய எல்லா ரத்தப் பரிசோதனைத் தாள்களையும் தேதி வரிசையில் சேர்த்துக் கொடுங்கள். சிறுநீரகப் பாதிப்பால் வந்த ரத்த அழுத்தம், நோயால் வந்த மனச்சோர்வு இரண்டையும் துணைப் பாதிப்பாகத் தனியாகக் கேட்கலாம், ஆனால் இவற்றுக்கு மருத்துவரின் கடிதம் தேவைப்படும். 'இருக்கலாம்' என்ற ஒற்றை வரிக் கடிதத்துக்கு மதிப்பில்லை. 'குறைந்தது சரிக்குச் சரி வாய்ப்பு' என்ற அளவைச் சொல்லி, கோப்பைப் பார்த்ததாகவும், ஏன் அப்படி நினைக்கிறார் என்றும் அவர் எழுதவேண்டும்.

யாரிடம் போவது என்பதற்கு என் பதில்: முதலில் வக்கீலிடம் போகாதீர்கள். டிஏவி, அமெரிக்கன் லீஜன், விஎஃப்டபிள்யூ போன்ற படைவீரர் அமைப்புகளில் விஏ அங்கீகாரம் பெற்ற உதவியாளர்கள் இருக்கிறார்கள். பல மாநிலங்களில் கவுன்டி அலுவலகத்திலேயே ஒருவர் இருப்பார். அவர்கள் பணம் வாங்குவதில்லை. 21-22 என்ற படிவத்தில் மாமனார் கையெழுத்திட்டால் அவர்கள் அவருக்காகப் பேசலாம். வக்கீல் தேவைப்படுவது விஏ நிராகரித்தபின் அல்லது குறைவாக மதிப்பிட்டபின். சட்டப்படியும் அங்கீகாரம் பெற்ற வக்கீல் முதல் முடிவு வந்த பிறகுதான் கட்டணம் வாங்கலாம். நிலுவைத் தொகையில் 20 சதவீதம்வரை நியாயமானது என்று எடுத்துக்கொள்வார்கள், மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நியாயமற்றது என்று எடுத்துக்கொள்வார்கள். ஆக, உங்களிடம் 40 சதவீதம் கேட்கிறவர் எந்தக் கணக்கிலும் அடங்கவில்லை. போன் செய்பவரிடம் முழுப் பெயரையும் விஏ அங்கீகாரத்தையும் கேளுங்கள். விஏ-வின் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் வெளியிடும் பட்டியலில் பெயர் போட்டுத் தேடலாம். பட்டியலில் இல்லை என்றால் பேச்சை முடித்துவிடுங்கள். விஏ கணக்கின் கடவுச்சொல்லையோ வங்கி எண்ணையோ கேட்டால் அது ஒன்றே போதும், வேறு சான்று தேவையில்லை.

நிராகரிப்பு வந்தால் ஓராண்டுக்குள் மூன்று வழி: புதிய, பொருத்தமான சான்றோடு துணை விண்ணப்பம் (20-0995), அதே கோப்பை மூத்த அதிகாரி மறுபடி பார்ப்பது (20-0996), மேல்முறையீட்டு வாரியம் (10182). சான்று விடுபட்டதால் நிராகரித்திருந்தால் முதல் வழிதான் பெரும்பாலும் சரி. இரண்டாவதில் புதிய காகிதம் எதையும் சேர்க்க முடியாது, அதைத் தெரியாமல் தேர்ந்தெடுத்து மாதக்கணக்கில் இழப்பவர்கள் உண்டு. ஓராண்டுக்குள் போனால் முதல் தேதி அப்படியே நிற்கும்.

வழக்குப் பக்கம் வருகிறேன். பணியில் இருக்கும்போது ஏற்பட்ட காயத்துக்குப் படைவீரர் அரசின்மேல் வழக்குப் போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1950-ல் ஃபெரஸ் வழக்கில் சொன்னது. கெடுதல் நடந்து பத்தாண்டு கடந்தால் வழக்குப் போட முடியாது என்ற வட கரோலினாவின் வரம்புச் சட்டமும் குறுக்கே நின்றது. நோய் வெளிப்படவே இருபது முப்பது ஆண்டு ஆகும் விஷயத்தில் பத்தாண்டு வரம்பு! 2016-ல் லெஜூன் வழக்குகள் மொத்தமாகத் தள்ளுபடியாயின, 2019 ஜனவரியில் மரீன் படையை நிர்வகிக்கும் கடற்படைத் துறை 4 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோரிக்கைகளை நிராகரித்தது. 1985-ல் ஒன்பது வயது மகள் ஜேனியை ரத்தப் புற்றுநோயில் இழந்த முன்னாள் மரீன் ஜெர்ரி என்ஸ்மிங்கர் போன்றவர்கள் பல ஆண்டுகள் விடாமல் போராடியதால்தான் 2012-ல் மருத்துவ உதவிச் சட்டமும், 2022 ஆகஸ்ட் 10-ல் கேம்ப் லெஜூன் நீதிச் சட்டமும் வந்தன. இரண்டாவது சட்டம் அந்தத் தடைகளை நீக்கியது. ஆனால் கடற்படைத் துறையிடம் கோரிக்கை வைக்க இரண்டே ஆண்டு தந்தது. அது 2024 ஆகஸ்ட் 10-ல் முடிந்தது. 4 லட்சத்துக்கும் மேற்பட்ட கோரிக்கைகள் குவிந்தன.

உங்கள் மாமனாருக்கு இந்த வழியில் இரண்டு தடை. கெடு ஒன்று. மற்றது பலர் கவனிக்காதது: சட்டம் 2022 ஆகஸ்ட் 10-க்கு முன் எழுந்த கோரிக்கைகளுக்கு மட்டுமே பொருந்தும் என்று எழுதப்பட்டிருக்கிறது. அவருடைய நோய் தெரிந்தது அதற்குப் பிறகு. நோய் உடலில் முன்பே இருந்தது என்று வாதிடலாம், ஆனால் அது வாதம்தான், உறுதியான உரிமை இல்லை. வழக்குக்குப் போகாமல் நிர்ணயித்த தொகையை வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டில் சிறுநீரகப் புற்றுநோய்க்கு, தளத்தில் ஓராண்டு முதல் ஐந்தாண்டு இருந்தவருக்கு 3 லட்சம் டாலர். அதிலும் அந்தத் தேதிக்கு முன் நோய் கண்டறியப்பட்டிருக்கவேண்டும் என்ற நிபந்தனை உண்டு. கெடுவை நீட்டி, சட்டத்தைத் திருத்தும் முயற்சிகள் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் நடந்திருக்கின்றன. நிறைவேறும்வரை அதை நம்பி எதையும் தள்ளிப்போடாதீர்கள்.

ஆனால் ஒன்றைக் கட்டாயம் விசாரியுங்கள். 2022-க்கும் 2024-க்கும் இடையில் தொலைக்காட்சியில் ஓயாமல் ஓடிய விளம்பரத்தைப் பார்த்து அவர் எங்காவது கையெழுத்துப் போட்டாரா? அப்போது நோய் இல்லாதவர்களும், வேறு சிறு உபாதை இருந்தவர்களும்கூடப் பதிவு செய்தார்கள், பிறகு மறந்துவிட்டார்கள். அப்படி இருந்தால் அந்த வக்கீல் அலுவலகத்திடம் கடற்படைத் துறையில் பதிவான கோரிக்கை எண்ணை எழுத்தில் கேளுங்கள். 'உங்கள் கோப்பு எங்களிடம் இருக்கிறது' என்பது பதில் ஆகாது, அலுவலகத்தில் இருப்பதும் துறையில் பதிவாகியிருப்பதும் வேறு வேறு. எண் இருந்தால், புதிய நோயை அதில் சேர்க்க முடியுமா என்று அந்த வக்கீலிடம் கேட்கவேண்டும். இந்த இடத்தில் வக்கீல் நிச்சயம் தேவை. துறை நிராகரித்துக் கடிதம் அனுப்பியிருந்தால் அன்றிலிருந்து 180 நாளுக்குள் வட கரோலினா கிழக்கு மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போடவேண்டும், வேறு நீதிமன்றம் ஏற்காது. ஆறு மாதம் பதிலே வராவிட்டாலும் போடலாம். கட்டணத்துக்கு இங்கேயும் உச்சவரம்பு: துறையோடு முடிந்தால் 20 சதவீதம், வழக்கானபின் 25. ஜூரி கிடையாது, நீதிபதியே தீர்ப்பு சொல்வார் என்று அந்த நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் முடிவு செய்தது. வழக்கில் கிடைக்கும் தொகையிலிருந்து அதே நோய்க்கு விஏ-வும், மெடிகேர் என்ற முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடும் கொடுத்தது கழிக்கப்படும். அதனால் விஏ-வில் கேட்கத் தயங்கத் தேவையில்லை. விஏ பணம் வாங்கியது வழக்குப் போடும் உரிமையைப் பறிக்காது.

மாமியாருக்கு மாத உதவித்தொகை கிடையாது. ஆனால் அந்தக் காலத்தில் தளத்தில் 30 நாள் குடியிருந்த குடும்பத்தினருக்கு விஏ மருத்துவச் செலவைத் திருப்பித் தருகிறது. படிவம் 10-10068. இந்தப் பட்டியல் பதினைந்து நோய்கள், மேலே சொன்ன எட்டிலிருந்து வேறுபட்டது: மார்பக, நுரையீரல், உணவுக்குழாய்ப் புற்றுநோய்கள், தோல் இறுகும் நோயான ஸ்கிளீரோடெர்மா, கருச்சிதைவு, பெண் மலட்டுத்தன்மை முதலியவையும் இதில் உண்டு. மற்றக் காப்பீடுகள் கட்டியது போக மிச்சத்தைத்தான் விஏ கட்டும். விண்ணப்பத்துக்கு முந்தைய இரண்டாண்டுச் செலவையும் கேட்கலாம், ஆகவே ரசீதுகளைச் சேருங்கள். திருமணச் சான்றும், அங்கே குடியிருந்ததற்கான சான்றும் வேண்டும். உங்கள் கணவர் அந்த ஆண்டுகளில் பிறந்தவரா? அம்மா அங்கே இருந்தபோது கருவில் இருந்திருந்தாலும் அவர் இந்தத் திட்டத்துக்குள் வருவார். இது பல பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாது. மாமனாருக்கும் இந்தப் பதினைந்து நோய்களுக்கு விஏ மருத்துவமனையில் பங்குக்கட்டணம் இல்லாமல் சிகிச்சை உண்டு. இதைச் சொல்ல மனம் வரவில்லை, ஆனாலும் தெரிந்திருக்கவேண்டும்: இந்த நோயால் அவர் இறக்க நேர்ந்தால் மாமியாருக்கு விஏ-வின் மாதாந்தர வாரிசு உதவித்தொகை உண்டு, 2025-ல் சுமார் 1,650 டாலர், படிவம் 21பி-534இ.இசட். இறந்தபின் நோய்க்கும் பணிக்கும் உள்ள தொடர்பை நிறுவுவதைவிட, அவர் உயிரோடு இருக்கும்போதே விஏ ஏற்றுக்கொண்டிருந்தால் மாமியாருக்குச் சிரமம் வெகுவாகக் குறையும்.

வேறு தளங்களில் இருந்தவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சுருக்கமாக. லெஜூன் சட்டமும் அதன் முன்அனுமானமும் லெஜூனுக்கு மட்டும். மிச்சிகனின் வுர்ட்ஸ்மித், நியூ ஹாம்ப்ஷையரின் பீஸ் போன்ற விமானத்தளங்களில் சிக்கல் தீயணைப்பு நுரையிலிருந்து வந்த பிஃபாஸ் ரசாயனங்கள். அங்கிருந்தவர்கள் விஏ-வில் மூன்று கேள்விக்கும் பதில் சொல்லவேண்டும், மருத்துவரின் விரிவான கடிதம் இல்லாமல் போனால் தோற்பது அதிகம். பிஃபாஸுக்கும் சிறுநீரகப் புற்றுநோய்க்கும் முன்அனுமானம் தரலாமா என்று பார்ப்பதாக விஏ 2024 செப்டம்பரில் அறிவித்தது. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் நடக்கும் நுரை வழக்குகள் தயாரிப்பு நிறுவனங்கள்மேல் போடப்பட்டவை, அவற்றின் கெடு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஹவாயின் ரெட் ஹில்லில் 2021 நவம்பரில் விமான எரிபொருள் குடிநீரில் கலந்தது முற்றிலும் தனி விவகாரம். எந்தத் தளமாக இருந்தாலும் விஏ மருத்துவமனையில் நச்சுத் தொடர்பு விசாரணை என்று ஒன்று கேட்டுப் பெறலாம், பத்து நிமிடக் கேள்விகள்தான். அது விண்ணப்பம் ஆகாது, ஆனால் தளத்தின் பெயரும் ஆண்டும் மருத்துவக் கோப்பில் ஏறும்.

உங்கள் மாமனாரின் காகிதங்களை நான் பார்க்கவில்லை. பணிவிடுப்பு எந்த வகை, கட்டி எந்த வகை, கடைசிச் சிகிச்சை எந்தத் தேதி என்ற மூன்றும் தெரியாமல் சதவீதம் எவ்வளவு வரும் என்று நான் சொன்னால் அது ஊகம். படைவீரர் அமைப்பின் உதவியாளரைப் பார்க்கப் போகும்போது இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி, நோய்க்கூறியல் அறிக்கையோடு எடுத்துப்போங்கள். 21-0966 பதிவானதற்கு விஏ அனுப்பும் கடிதம் வந்திருந்தால் அதையும். அதிலுள்ள தேதியிலிருந்துதான் ஓராண்டு எண்ணப்படும்.